பேர் வைக்காத பிள்ளையும் சந்தியில் நிற்கும் கல்லும்

ராத்தா,

இன்று காலை பாலாவிக்குப் போகச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது பெயின்ட் வாசம் வந்தது. நமது நினைவுக்கல்லின் முன்னால் ஒருவர் குந்தியிருந்து எழுத்துகளுக்குக் கறுப்புத் தீட்டிக்கொண்டிருந்தார். உப்புக்காற்று அரித்துவிட்டதாம். ஊரைவிட்டு வந்த வழியில் மரித்தவர்களின் பெயர்களை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தேன். உங்கள் பிள்ளை அதில் இல்லை என்று தெரிந்தும் வாசித்தேன்.

துவக்கு ஏந்தி வந்தவர்கள் முஸ்லிம்கள் எல்லாரையும் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது உங்கள் மகன் பிறந்து சில நாட்கள்தான். பேர் வைக்கும் நாள் வருமுன் நாம் வள்ளத்தில் இருந்தோம். விடாத மழை. உங்கள் முதுகோடு முதுகு சாய்ந்து தங்கச்சி நான் உட்கார்ந்திருந்தேன். அவன் அழுகை நின்றதும் தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். நீங்கள் வாய் திறக்கவில்லை. சொன்னால் கடலில் விட்டுவிடச் சொல்வார்களோ என்று பயந்ததாக வெகுகாலம் கழித்து என்னிடம் சொன்னீர்கள். கரை தட்டும்வரை பால் கொடுப்பவர்போலவே முந்தானைக்குள் வைத்திருந்தீர்கள்.

ஆலங்குடாவில் ஒரு மீனவர் அவனை அடக்கத் தன் தென்னங்காணியின் ஓரத்தில் இடம் தந்தார். அவருடைய மனைவி அவனைச் சுற்றும் கபன் துணிக்குத் தன் வெள்ளைச் சேலையைக் கிழித்துக் கொடுத்தார். உங்கள் மாப்பிள்ளை தான் பெற்ற மகனுக்குக் கபுறுக்குழி தோண்ட, நான் உங்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடற்கரை மணல், தோண்டத் தோண்டச் சரிந்தது.

யுத்தம் முடிந்தபின் உங்கள் மாப்பிள்ளை மன்னாருக்குப் போய்க் காடு வெட்டி வீட்டை நிமிர்த்தினார். நீங்கள் போகவில்லை. அகதி முகாம் சுகத்தில் பழகிவிட்டாள் என்று சொந்தக்காரர்களே கதைத்தார்கள். அவர் நேரில் வந்து கூப்பிட்டபோதும், “அவன இங்க தனிய விட்டுட்டு எனக்கு வர ஏலா” என்றுதான் சொன்னீர்கள். அதன்பின் அவர் கூப்பிடவில்லை. அங்கேயே மௌத்தாகி அடக்கமானார்.

அந்த வருடம்தான் பள்ளிவாசல் நிருவாகம் கல் நாட்டத் தீர்மானித்தது. பேர் கொடுக்க நாம் இருவரும் போனோம். தலைவர் நல்ல மனிதர். கதிரை போட்டு உட்கார வைத்துக் கேட்டார்.

“பேரில்லாம எப்பிடி ராத்தா வெட்டுற? இப்ப ஒரு பேரச் சொல்லுங்களேன், போட்டுடுவம்.”

நீங்கள் தலையாட்டி மறுத்தீர்கள்.

“அவன்ட காதுல சொல்லாத பேர கல்லுல வெட்டி என்ன தம்பி செய்ய? புள்ள எண்டு மட்டும் போடுங்க. அது போதும்.”

கூடிக் கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். யாரும் வந்து சொல்லவில்லை. திறப்புவிழாவில் துணியை விலக்கியபோது பெண்கள் பக்கமிருந்து நீங்கள் உதடசைத்து வாசித்ததைப் பார்த்தேன். கடைசிப் பெயருக்குக் கீழே வெறும் கல்லாக இருந்த இடத்திலும் உங்கள் கண் கொஞ்சநேரம் நின்றது. பேச்சுகள் முடியுமுன் எழும்பிக் கரைப்பக்கம் நடந்தீர்கள். நான் பின்னால் வந்தேன்.

அங்கே போனால் தென்னங்காணியைச் சுற்றிப் புதிதாகக் கம்பிவேலி. மீனவரின் பிள்ளைகள் ஹோட்டலுக்கு விற்றுவிட்டு எங்கோ போய்விட்டிருந்தார்கள். காவல்காரனிடம் உங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினீர்கள். அவன் தலையைக் குனிந்து கேட்டான். முதலாளி ஏசுவார் என்றான். ஆனாலும் அன்று உள்ளே விட்டான். பிறகு ஆள் மாறிவிட்டது. வேலிக்கு வெளியே நின்று துஆ கேட்டுவிட்டு வருவது உங்களுக்குப் பழகிப்போனது. எனக்குப் பழகவில்லை, ராத்தா. நீங்கள் கையேந்தி நிற்கும்போது உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும்.

நீங்கள் மௌத்தானதும் உங்களை இங்குள்ள பள்ளிவாசல் மையவாடியில்தான் அடக்கினோம். அவனிடமிருந்து அது தூரம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் போகிறேன். என் மகன் மன்னாரில் வீடு கட்டி முடித்துவிட்டான். எப்ப வாறீங்க உம்மா என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வாறன் வாறன் என்கிறேன். உங்கள் பிள்ளையைப் புதைத்ததைக் கண்டவர்களில் இங்கே மிஞ்சியிருப்பது நான்தான். வேலியின் மூலையில் வளைந்து நிற்கும் தென்னைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவில், வெள்ளைக்காரர் குளித்துவிட்டுத் துவாய் காயப்போடும் கொடிக்கு நேர் கீழே அவன் இருக்கிறான். இதை யாரிடம் சொல்லிவிட்டு நான் புறப்படுவது?