மில் துணியில் ஒட்டிய மாவு

ஓசூர்,
கார்த்திகை 12.

அன்பு மகள் மேகலாவுக்கு அப்பா எழுதுவது. மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு நடமாடுகிறோம். கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும். குளிர் வந்ததும் அம்மாவுக்கு விரல் முட்டிகளில் வீக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவள் உன்னிடம் மறைப்பாள், அதனால் நான் எழுதிவிடுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டது கிடையாது. போன மாதம் பேசினபோதுகூட, "அப்பா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், யாராவது செத்துப் போறதுக்குள்ள அந்த மாவு யாவாரத்த நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். என்னப்பா நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டே சொன்ன பாதிக் கதையை வைத்து முழுத் தீர்ப்பும் எழுதிவிட்டாய். அதை நான் மறக்கவில்லை. போனைப்போல் காகிதத்தை நடுவில் வெட்ட முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. அந்தக் குழந்தை தன்யஸ்ரீ நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், நேற்றுக்கூட வேனிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். இதை எழுதும்போதே நெஞ்சில் இருந்த பாரம் ஒன்று இறங்கியதுபோல் இருக்கிறது. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இந்த ராகி தோசை மாவை ஆரம்பித்தது உனக்குத் தெரியும், எப்படி என்று தெரியாது. அம்மா கையால் மாவு ஆட்ட முடியாது என்று ஆனபிறகு அடுப்படிக்கு நான் போனேன். அவள் சொன்ன பக்குவம் எதையும் கேட்கவில்லை. ஒரு கை, ஒரு சிட்டிகை, கண்ணளவு என்பதெல்லாம் ஒரு அளவா? தராசு வாங்கினேன், நோட்டுப் போட்டேன், ஐந்து மாதம் கருகினதும் கல்லாய்ப் போனதுமாக நானே தின்று தீர்த்து, நானே கண்டுபிடித்தேன். ஜவளகிரியிலிருந்து வரும் ராகி, அதோடு உளுந்து, பச்சரிசி, வெந்தயம், அவ்வளவுதான். தயிரும் தண்ணீரும் உப்பும் விட்டுக் கரைத்துப் பத்து நிமிஷம் வைத்தால் தோசை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் ஊறப்போட்டு ஆட்டிப் புளிக்கவைத்துக் கொண்டிருக்க முடியுமா? தெருமுனை அடுக்குமாடியில் கன்னடக்காரர், தெலுங்குக்காரர், மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர் என்று பதினோரு வீட்டில் என் மாவுதான் காலைச் சாப்பாடு. ஆம்பளை மாவு விற்கிறான் என்று ஆரம்பத்தில் சிரித்தவர்களும் அதில் உண்டு.

அந்தப் பதினோரு வீட்டில் ஒன்று அனுப்ரியாவுடையது. அவள் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள், வீட்டுக்காரன் தினேஷ்குமாருக்கும் ஷிப்ட் வேலை. நான்கு வயது மகள் தன்யஸ்ரீக்கு வேர்க்கடலை ஆகாது என்பதைப் பாக்கெட் வாங்க வந்த முதல் நாளே சொன்னாள். பாக்கெட்டில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுகிறேன் பார் அம்மா, என் மாவில் கடலை என்ற பேச்சே கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் குழந்தை தோசை தின்று கால்மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு வந்து, வாந்தி எடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஊசி போட்டு, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மறுநாள் மாலை அனுப்ரியா நம் வாசலில் வந்து நின்றாள். கோபப்படவில்லை. "அங்கிள், தெரியாம போட்டிருந்தாலும் பரவால்ல. இதுல கடலை எதாச்சும் கலந்துச்சா? உண்மைய மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். என் மாவில் குறை சொல்ல இந்த ஓசூரில் ஒருத்தரும் இல்லை, உன் குழந்தை வேறு எங்கே எதைத் தின்றதோ என்னிடம் வந்து நிற்கிறாய் என்றேன். குலதெய்வத்தின்மேல் சத்தியமும் செய்தேன். அவள் சரிங்க அங்கிள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் அங்கிள் மாவு வேண்டாம் என்று யாரோ போட, பதினோரு வீடும் நின்றுபோனது. அந்த வாரம்தான் உன் போன் வந்தது. நீயும் குழுவில் சேர்ந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போட்டது எதிலும் கடலை இல்லை என்று நிரூபித்தே தீர்வது என்று இறங்கினேன். ராகி மூட்டையைப் பாயில் கொட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். உளுந்து வாங்கின கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். உன் அம்மா, "ஏங்க, கண்டுபிடிச்சு யாருக்குக் காட்டப் போறீங்க, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் ஒரு தடவ கொழந்தய பாத்துட்டு வந்தா போதாதா" என்று கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி, ஆனால் நான் கேட்கவில்லை. இப்படி மூன்று வாரம் போனது. நம் வீட்டுக்காவது அரைப்போம் என்று போன புதன்கிழமை ஐந்து கிலோவை வறுத்து எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் பாப்பம்மா சத்துமாவு அரைத்துக்கொண்டிருந்தாள், பிள்ளை பெற்ற மருமகளுக்காம். மாதம் ஒரு தடவை வருகிறவள்தான். பார்க்க என் ராகி மாவுபோலவே அதே நிறம். என்னென்ன போட்டாய் என்று சும்மா கேட்டேன். "ராகி, கம்பு, பயிறு, பொட்டுக்கடல, வேர்க்கடல, முந்திரி, எல்லாந்தான் போட்டிருக்கேன் சாமி, அவ எலும்பும் தோலுமா கெடக்கறா" என்றாள்.

மில்லில் மாவு இறங்கும் வாயில் ஒரு நீளத் துணிப்பை கட்டியிருப்பார்கள், நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். அரைத்து முடிந்தால் அதைத் தட்டித்தான் மாவை இறக்குவார்கள். துணியில் கொஞ்சம் தங்கும். அடுத்து வருகிறவர்கள் ஒரு ஆழாக்கு அரிசியை முதலில் ஓட்டி, அந்த மாவைத் தனியே எடுத்து மாட்டுக்கு வைப்பார்கள். ஊர் வழக்கம் அது. நான் மட்டும் ஒருநாளும் செய்ததில்லை, அரிசியைப் பாழாக்குவது எனக்கு ஆகாது. அதோடு என் மாவில் ஒரு சிட்டிகைகூட மில்காரனுக்கு விடக் கூடாது என்று துணியை நானே வாங்கி அடிமுதல் நுனிவரை அடித்துத்தான் எடுப்பேன். அன்றைக்கு என் முறை வந்து தானியத்தைக் கொட்டப் போனபோதே மில் கரியப்பன் சிரித்தான். "அண்ணா, நீ துணிய அடிச்சு அடிச்சு உன் மாவு மட்டுமா கொண்டு போற, உனக்கு முன்னால அரைச்சவங்க மாவையும் சேர்த்து வாங்கிகினு போற. பாப்பம்மா, உன்னுது பத்திரம்மா" என்றான். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் கை அப்படியே நின்றுவிட்டது.

அரைக்காமலே வீட்டுக்கு வந்தேன். நோட்டை எடுத்தேன். எந்தத் தடவையும் ஐந்து கிலோ கொண்டுபோனால் நூறு கிராமாவது அரைப்பில் சேதாரம் போகும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின அரைப்பில் ஐந்து கிலோவுக்கு ஐந்து கிலோ எண்பது கிராம் வந்திருந்தது. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன், சேதாரமே இல்லை என்ற பெருமையில். அன்று எனக்கு முன்னால் அரைத்தது யார் என்று கரியப்பனுக்குப் போன் செய்து கேட்டேன், பாப்பம்மாதான். முதலில் இறங்கிய மாவை முதல் பாக்கெட்டில் போட்டிருக்கிறேன், முதல் பாக்கெட் எப்போதும் அனுப்ரியாவுக்கு, சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்று. கம்பெனியில் லேத் மெஷினில் செட்டிங் மாற்றினால் முதல் உருப்படியை ஒதுக்கி வைப்பது முப்பத்தோரு வருஷம் செய்த வேலை மேகலா. இரும்பை ஒதுக்கத் தெரிந்தவனுக்கு மாவை ஒதுக்க மனம் வரவில்லை.

இது எனக்கும் அம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. கரியப்பனுக்கும் நான் எதற்குக் கேட்டேன் என்று தெரியாது. சொல்லாமல் விட்டால் ஒரு பூனைகூட என்னைக் கேட்காது, நாலு மாதத்தில் ஜனங்கள் மறந்து மறுபடியும் வாங்குவார்கள். சொன்னால் யாவாரம் அதோடு சரி, தினேஷ்குமார் புகார் கொடுத்தாலும் கொடுக்கலாம். இரண்டு நாள் அந்த நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அம்மா அதட்டவில்லை, புத்தி சொல்லவில்லை, சனிக்கிழமை காலை என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள். அவ்வளவுதான்.

போனேன். இருவரும் வீட்டில் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மில், துணி, பாப்பம்மா, எண்பது கிராம், எல்லாவற்றையும் நோட்டைத் திறந்து வைத்துச் சொன்னேன். தவறு என்னுடையது, அன்றைக்குக் கத்தினது அதைவிடப் பெரிய தவறு என்றேன். தினேஷ்குமார் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அனுப்ரியா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள், "அங்கிள், அப்போ ராகி இல்லையா? உளுந்து இல்லையா? கடலைதானா?" என்று கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னாள். மாவில் கடலை இல்லை என்று நான் சத்தியம் செய்தேன் அல்லவா, அதை அவள் நம்பியிருக்கிறாள். டாக்டரிடம் அப்படியே சொல்லியிருக்கிறாள். கடலை இல்லையென்றால் அந்த தோசையில் இருந்த வேறு ஏதோ ஒன்றும் இந்தக் குழந்தைக்கு ஆகவில்லை, பெங்களூரில் பரிசோதனை முடிகிறவரை ராகி, உளுந்து, தயிர், வெந்தயம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றிருக்கிறார் அவர். இட்லி கிடையாது, தோசை கிடையாது, தயிர்சாதம் கிடையாது. நம் ஊரில் ஒரு குழந்தை மூன்று வாரம் இட்லி கேட்டு அழுது, வெறும் சோறும் பருப்புத் தண்ணீரும் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறது, நான் இங்கே ராகி மூட்டையைக் கொட்டி என் மானத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே அவர்கள் டாக்டரிடம் போனார்கள். திங்கட்கிழமை அவர் எதிரிலேயே உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார்களாம், ஒன்றும் செய்யவில்லை. பரிசோதனை நாள் அப்படியே இருக்கட்டும், மற்றதைக் கொடுக்கலாம், கடலைப் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அம்மா இதைக் கேட்டதும் பூஜை அலமாரி முன்னால் போய் நின்றவள் அரைமணி நேரம் நகரவில்லை.

இனி என் யாவாரத்துக்கு வருகிறேன். நிறுத்தமாட்டேன். அன்றைய மாவு வாங்கின வீடெல்லாம் ஏறி இறங்கிக் காரணத்தைச் சொல்லி, மீதி வைத்திருந்தவர்களிடம் பாக்கெட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். வீட்டிலேயே அரைக்கிற சின்ன மெஷின் ஒன்று வாங்கி உன் அறையில் வைத்திருக்கிறேன், நீ வந்தால் கூடத்தில் படுத்துக்கொள். அதில் என் மாவு தவிர வேறெதுவும் இறங்காது, அம்மா கேட்கும் மிளகாய்ப் பொடிகூட. நான்கு வீடு திரும்ப வந்திருக்கிறது, ஏழு வரவில்லை. தினேஷ்குமார் இன்னும் என்னோடு பேசுவதில்லை, அது அவன் நியாயம்.

அனுப்ரியா மட்டும் நேற்று வந்தாள். "அங்கிள், கோவிச்சுக்காதீங்க, உங்ககிட்ட வாங்க இன்னும் தைரியம் வரல. அளவு மட்டும் சொல்றீங்களா, நானே மிக்சில அரைச்சுக்கறேன்" என்றாள். இந்த அளவை உன் அம்மாவுக்கே நான் சொன்னதில்லை, தெரியும் உனக்கு. எழுதிக் கொடுத்தேன். உனக்கும் எழுதுகிறேன், பேரனுக்குச் செய்து கொடு. ராகி ஒரு கிலோ கழுவி நிழலில் உலர்த்தி வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். உளுந்து இருநூறு கிராம், பச்சரிசி நூற்றைம்பது கிராம், இரண்டையும் தனித்தனியே லேசாகச் சூடு காட்டினால் போதும். வெந்தயம் பத்து கிராம், அதற்குமேல் ஒரு மணிகூட வேண்டாம், கசக்கும். நன்றாக ஆறின பிறகு அரை. அரைப்பதற்கு முன் ஜாரைக் கழுவிக் காயவை. இதில் யார் சொன்னாலும் மாற்றாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனுக்கு அங்கே கடையில் வாங்கும் எதையும் பின்பக்கம் படித்துவிட்டுக் கொடு. அம்மாவுக்கு ஞாயிறுதோறும் பேசு, அவள் விரலைப் பற்றி நீயாகவே கேள். போனில் நீ சொன்னதில் பாதி சரி என்று ஆகிவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு நீதான் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டால் மறுக்கமாட்டேன். எல்லாச் செல்வமும் பெற்று, நோய் நொடி அண்டாமல், பிள்ளையோடு நூறு வருஷம் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

எழுதி முடித்து ஒட்டப் போகும்போது அனுப்ரியாவிடமிருந்து போன் வந்தது, அதனால் இதையும் சேர்க்கிறேன். தன்யஸ்ரீ இரண்டு தோசை தின்றுவிட்டு மூன்றாவது கேட்டாளாம். என் மாவு இல்லை, அவள் அம்மா அரைத்த மாவு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

உன் அப்பா,
சென்னகிருஷ்ணன்.