சின்னுவின் காரில் சிக்கிய ஜிப்

செவ்வாய், ராத்திரி.

சின்னுக்குட்டி, நீ செத்து வருஷத் திதிகூட வரவில்லை, உன் அப்பன் உன் காரை விற்கிறான். இந்தத் தீவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து கனடாவுக்கு ஓடப் பார்க்கிறான். காரின் மடக்குத் துணிக்கூரையில் பின்கண்ணாடியை மூடும் ஜிப் சிக்கிக்கொண்டது; அது திறக்காமல் கூரை மடங்காது. கூரை மடங்காத காரை வாங்க மாட்டேன் என்று நமாகா ஊரிலிருந்து அதைப் பார்க்க வந்தவன் சொல்லிவிட்டான்.

இன்று உன் அப்பன் கரும்புக் கத்தியோடு வந்தான். "தள்ளுடி, ஜிப்பை அறுத்துட்டுப் புதுசு தைச்சுக்கலாம்."

"கை வச்சீங்க, அதே கத்தியால உங்களையே வெட்டுவேன்" என்றேன்.

சிக்கிய நூலை ஊசியால் எடுத்து, ஜிப் பல்லெல்லாம் மெழுகுவத்தி தேய்த்தேன். வழுக்கிக்கொண்டு திறந்தது.

"அச்சா! நமாகாக்காரனை நாளைக்கே வந்து எடுத்துக்கச் சொல்றேன்" என்று சிரித்தான், பாவி.

உன் காரில் கத்தி படக்கூடாதென்றுதான் செய்தேன். கூரையை அவன் இஷ்டத்துக்கு அறுத்து நாசமாக்க விட்டிருந்தால், கார் நம் வீட்டிலேயே நின்றிருக்குமாடா?