ஒன்பது வெள்ளிக்கிழமைகளின் எடை

பழைய தராசை இன்று காலை மண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது அதன் இரும்புப் பலகையிலிருந்து கடலைத் தோலும் புழுதியும் உதிர்ந்தன. துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த அந்த வாசனை எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு வரைக்கும் வந்தது. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மத்தியானத்தில் மண்டியை விட்டு வெளியே வந்ததும் நாம் இரண்டு பேரும் தாவணியை உதறுவோமே, அந்த வாசனை.

புதுத் தராசு கிலோவில் காட்டுகிறது. இனிமேல் ராத்தல் கிடையாதாம். அப்பாதானே மண்டியில் எடை போடுகிறவர், அவர் பலகையைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வா தாயி. ஏறி நில்லு, சரியாக் காட்டுதான்னு பாப்போம்."

"வேண்டாம்ப்பா" என்று உள்ளே வந்துவிட்டேன். நீ போய் இரண்டு வருஷமாக நான் எந்தத் தராசிலும் ஏறவில்லை. அது அவருக்குத் தெரியாது. தெரியும்படி நான் யாரிடம் என்ன பேசியிருக்கிறேன்? என்னைப் பேச வைத்தது நீ ஒருத்திதான்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுக் கையைக் கழுவியபடியே அந்த அம்மாள் சொன்னாள்: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. கொஞ்சம் பூசுனாப்புல இருக்கு, அம்புட்டுத்தான்." அதற்கப்புறம் அவர்களிடமிருந்து தகவல் இல்லை. அடுத்த நாளிலிருந்து எனக்குக் காலையில் கொள்ளு ரசம், ராத்திரியில் ஒரே ஒரு இட்லி. சர்க்கரை டப்பாவை அம்மா அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து நீ வந்து பார்த்தபோது நான் அடுப்படி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் எட்டாவதோடு நின்றவள். ஆறுதலாக ஏதாவது சொல்லுவாய் என்று பார்த்தால், உன் மனையியல் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாய்.

"அழுதா எளைக்க மாட்டேடி. இதப் படி. கலோரின்னு ஒண்ணு இருக்கு. நம்ம திங்கிறது எல்லாம் உள்ள போயி வெறகு மாதிரி எரியுது. எரிஞ்சது போக மிஞ்சுறது ஒடம்புல தங்கிருது. அம்புட்டுத்தான் சமாச்சாரம்."

கலோரி என்பது சூட்டின் அளவு என்று அந்தப் பாடத்தில் போட்டிருந்தது. நான் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். சூடு கூடாது, அவ்வளவுதானே! மாம்பழத்தை விட்டேன். எள்ளுருண்டையை விட்டேன். கோழிக்குழம்பு வாசனை வந்தால் கொல்லைக்குப் போய்விடுவேன். நெய் குளிர்ச்சி என்று நம் வைத்தியர் சொல்லியிருக்கிறார், அதனால் அம்மா பார்க்காத நேரத்தில் சோற்றில் நெய்யை ஊற்றிக்கொண்டேன். நுங்கு குளிர்ச்சி, தயிர் குளிர்ச்சி, இளநீர் வழுக்கை குளிர்ச்சி.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அப்பா சாப்பிட்டுக் கண் அயர்ந்த நேரத்தில், சாவியை எடுத்துக்கொண்டு மண்டிக்குள் போனோம். மூட்டை வைக்கிற பலகையில் நான் ஏறி நின்றேன். நீ தண்டிலிருந்த பித்தளைக் குண்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாய். முன்பு அப்பா போட்டுப் பார்த்தபோது நூற்று நாற்பத்திரண்டு ராத்தல் இருந்தவள், நூற்று நாற்பத்து நான்கரை.

"என்னத்தடி தின்னே?"

சொன்னேன். நீ சாக்கு மூட்டைமேல் விழுந்து புரண்டு சிரித்தாய். "அடியே, அது அடுப்புல எரியிற சூடுடி! வைத்தியர் சொல்ற சூடு இல்ல. நெய்யிலதான் இருக்கிறதிலேயே கலோரி கூட. நெய்யக் குடிச்சுப்புட்டு எளைக்கப் போறாளாம் மகராசி!" திருமயம் கோட்டைப் பாறையில் வெயில் பட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்த இருட்டு மண்டிக்குள் நான் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

சீலைத் துணியில் உறை போட்ட உன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கோடு கிழித்து இரண்டு வரிசை போட்டாய். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. "நீ மட்டும் நின்னா ஒனக்கு வெக்கமா இருக்கும். நானும் நிக்கிறேன்" என்றாய். உனக்கு எடை குறைய வேண்டிய அவசியமே இல்லை. நூற்றுப் பதினாறு ராத்தல், ஒடிசலும் இல்லாமல் பருமனும் இல்லாமல் இருந்தாய். எனக்குத் துணைக்காகத்தான் ஏறினாய்.

அதற்குப் பிறகு நெய்யை விட்டேன். அளவாகச் சாப்பிட்டேன். ஒரு வாரம் இறங்கும். மனம் பறக்கும். அடுத்த வாரம் அதே சாப்பாட்டுக்கு ஏறி நிற்கும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் தினமும் போய் ஏறிப் பார்த்தேன். நேற்றைக்கும் இன்றைக்கும் இரண்டு ராத்தல் வித்தியாசம். "நான் ஒண்ணுமே திங்கலையே" என்று உன்னிடம் குமுறினேன்.

நீ என் தலையைத் தொட்டுப் பார்த்தாய். "எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு ஈரச் சடையோட ஏறியிருக்கே. நேத்து என்ன கொழம்பு?" கருவாட்டுக் குழம்பு. "உப்புத் தின்னா ஒடம்பு தண்ணியப் பிடிச்சு வைக்கும். அதோட ஒனக்கு மாசக் கடைசி, தூரம் வரப் போற நேரம். தண்ணியும் எடைதானேடி? அது வரும், போகும். நேத்தையும் இன்னைக்கையும் பாக்காத. போன மாசத்தப் பாரு." நோட்டைத் திருப்பிக் காட்டினாய். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மொத்தத்தில் மூன்று ராத்தல் குறைந்திருந்தது. எனக்கே தெரியாமல் குறைந்திருந்தது.

அன்றைக்கு என் வரிசையைப் பார்த்த கண்ணால் உன் வரிசையையும் பார்த்தேன். நூற்றுப் பதினாறு, பதினான்கு, பதினொன்று, நூற்று ஒன்பது. எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதத்தான் இந்த மடலே. நீ தோசையை எண்ணிக்கூடப் பார்க்காமல் சாப்பிடுகிறவள். அந்த நாட்களில் இன்னும் அதிகமாகவே சாப்பிட்டாய். எங்கள் வீட்டில் வந்து என் பங்கையும் தின்றாய். சொம்புச் சொம்பாகத் தண்ணீர் குடித்தாய். ஆனால் இறங்கியது நீதான்.

"என்னடி செய்யிற? எங்கிட்ட மட்டும் மறைக்கிறியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே செய்யலடி. ஒன் கொள்ளு ரசம் என்னைய வந்து பிடிச்சுக்கிருச்சு" என்று சிரித்தாய். சிரிக்கும்போது உன் கன்னத்தில் புதிதாக ஒரு குழி விழுந்தது. அழகாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அம்மா என் அம்மாவிடம் வந்து கவலைப்பட்டாள். "புள்ளைக்குத் தாகம் அடங்க மாட்டேங்குது. ராவெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் போகுது." வைத்தியர் நாடி பார்த்துவிட்டு உடம்புச் சூடு என்றார். படிக்கிற பிள்ளை, வெயில் காலம், சூடுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுப்புச் சூடு வேறு, வைத்தியர் சொல்கிற சூடு வேறு என்று என்னைக் கேலி செய்தவள் நீ. உன் உடம்புக்கென்று வந்தபோது நீயும் அந்தச் சூட்டைத்தான் நம்பினாய். "நன்னாரி சர்பத் குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றாய்.

எங்கள் வீட்டிலிருந்துதான் சர்பத் வந்தது. எனக்கு மறைத்து வைத்த சர்க்கரை டப்பாவை உனக்கென்றதும் அம்மா எடுத்துக் கொடுத்தாள். கலக்குகிற வேலை என்னுடையது. தினமும் ஒரு தூக்கு. அம்மா நாலு கரண்டி போடச் சொன்னாள். நான் ஆறு போட்டேன். அன்பினால் இல்லை. உன் புத்தகத்தைப் படித்துத்தான் போட்டேன். சர்க்கரை எரிந்தது போக மிஞ்சினால் உடம்பில் தங்கும். வெள்ளிக்கிழமை நீ பலகையில் ஏறும்போது எடை கூடி, குண்டு கொஞ்சம் வெளிப்பக்கம் நகரட்டும் என்று போட்டேன்.

நகரவில்லை. நூற்று ஆறு, நூற்று இரண்டு, தொண்ணூற்று ஒன்பது, தொண்ணூற்றைந்து. ஒன்பதாவது வெள்ளிக்கிழமை நீ பலகையில் ஏறும்போது தூணைப் பிடித்துக்கொண்டாய். தொண்ணூற்று ஒன்று. "எழுதுடி" என்றாய். "என் கையி ஆடுது." நோட்டு அன்றிலிருந்து என்னிடம் இருக்கிறது.

திங்கட்கிழமை நீ மயங்கி விழுந்தாய். வாடகைக் காரில் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் நானும் அம்மாவும் கஞ்சி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். நீ பெரிய பெரிய மூச்சாக விட்டுக்கொண்டிருந்தாய், யாரோ துரத்தி ஓடிவந்தவள் மாதிரி. டாக்டர் உன் அப்பாவிடம் கேட்டார்: "எப்ப இருந்துங்க இந்தப் பொண்ணு எளைச்சுக்கிட்டு வருது?"

"ஒரு பத்து நாளா இருக்குமுங்க."

ஒன்பது வாரம். எனக்குத் தெரியும். ராத்தல் ராத்தலாகத் தெரியும். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு கஞ்சித் தூக்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். அந்நிய ஆண்பிள்ளை முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். மண்டிக்குள் போனது வெளியே வரும். சர்பத்தும் வெளியே வரும். டாக்டர் சர்க்கரை வியாதி என்றார். சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த ஆறு கரண்டிதான் நினைவுக்கு வந்தது. ஊசி போட்டார்கள். புதன்கிழமை விடியும்போது நீ இல்லை.

அதற்குப் பிறகு நான் எடை பார்க்கவில்லை. சாப்பிடவும் முடியவில்லை. ஆறே மாதத்தில் ஒடுங்கிப் போனேன். "இப்பத்தான் பொண்ணு பார்க்க நல்லா இருக்கு" என்று ஊரில் சொன்னார்கள். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டிய விஷயம். சொல்ல ஆளில்லை.

ஒருநாள் நோட்டைத் திறந்தேன். என் வரிசை ஏறுகிறது, இறங்குகிறது, சில வாரம் நிற்கிறது, மறுபடி ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கெல்லாம் எத்தனை அழுதிருக்கிறேன்! உன் வரிசை ஒரு இடத்தில்கூட ஏறவில்லை. உனக்கும் ஈரச் சடை இருந்தது. நீயும் கருவாட்டுக் குழம்பு தின்றாய். உனக்கும் மாசக் கடைசி வந்தது. ஆனால் ஒரு வாரம்கூட அரை ராத்தல் ஏறவில்லை. நல்லபடியாக இருக்கிற உடம்பு அப்படி இறங்காது. அது அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் பொறாமைப்பட்டேன்.

போன வருஷத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் உன் தங்கச்சியை எடை பார்க்கிறேன். இப்போது அப்பாவைக் கேட்டுவிட்டே போகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினாள். நான் நேராக உன் அம்மாவிடம் போனேன். "நாளைக்கே புதுக்கோட்டைக்குப் போகணும் அத்தை. நானும் வாரேன்" என்றேன். என் குரலைக் கேட்டு அவர்களே பயந்துபோனார்கள்.

அதே டாக்டர்தான். தங்கச்சிக்கு ஒன்றுமில்லை, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். கிளம்பும்போது நான் நின்றேன். உன் பெயரைச் சொன்னேன். சர்பத்தைச் சொன்னேன். ஆறு கரண்டி என்று சொன்னேன். அத்தை பக்கத்தில்தான் இருந்தார்கள்.

டாக்டர் என்னை மறுபடி உட்காரச் சொன்னார். "அதுனால வியாதி வரலம்மா. அது முந்தியே வந்துருச்சு. வந்த பெறகு சர்க்கரை நல்லதும் செஞ்சிருக்காது" என்றார். பிறகு, "எளைக்கிறத யாராவது முந்தியே வந்து சொல்லியிருந்தா ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம். இந்தத் தடவை சொன்னீங்கள்ல, அது சரி."

பஸ்ஸில் அத்தை தங்கச்சியோடு எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். திருமயத்தில் இறங்கும்போதுதான் என் பக்கம் திரும்பி, "அடுத்த வெள்ளிக்கெழமையும் இவளக் கூட்டிட்டுப் போ" என்றார்கள்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. மத்தியானம் தங்கச்சி தலை குளித்த ஈரத்தோடு ஓடிவந்து புதுத் தராசில் ஏறினாள். அப்பா போன வார ராத்தலைக் கிலோவாகச் சொன்னார், அதைவிடக் கூடியிருக்கிறாள். ஈரச் சடையின் எடையாக இருக்கலாம். இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டேன். "நீயும் ஏறுக்கா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஏறினேன். பார்த்தேன். எழுதினேன்.

பிறகு அப்பாவிடம் கேட்டு, நோட்டில் இருந்த பழைய ராத்தல்களை எல்லாம் கிலோவாக மாற்றினேன். தங்கச்சியுடையதை மாற்றினேன். என்னுடையதை மாற்றினேன். உன் வரிசைக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அது ராத்தலிலேயே இருக்கட்டும்.