பழைய காருக்கு கான்ட்ராக்ட் போடலாமா என்று கேட்ட மகளுக்கு

உத்தமபாளையம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் ஃபர்ஹீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். என் வலது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம், அல்லாஹ்வுக்கே புகழ். நீயும் மருமகன் ரியாசுதீனும் அந்தக் கனடாக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க துஆ செய்கிறோம். இங்கே நல்ல மழை, வாய்க்கால் நிறையத் தண்ணீர், நடவு நடக்கிறது. நேற்று போனில், எட்மண்டனில் பழைய கார் ஒன்று பார்த்திருப்பதாகவும், விற்கிற இடத்தில் நாலு வருஷ ரிப்பேர்ச் செலவை ஏற்கும் சர்வீஸ் கான்ட்ராக்டையும் சேர்த்துப் போடச் சொல்லி நெருக்குவதாகவும் சொல்லி, போடலாமா அத்தா என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனை வாங்கி, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று ஆரம்பித்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவளே போட்டோ எடுத்து அனுப்புவாள், வியாழக்கிழமை நீ கையெழுத்துப் போடப் போவதற்கு முன்னால் வாசித்துவிடு.

நாங்கள் கார் வாங்கியது உனக்குத் தெரியும், வாங்கிய கதை தெரியாது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் என்னை வண்டி ஓட்டக் கூடாது என்றதும், அப்படியானால் நான் ஓட்டுகிறேன் என்று உன் அம்மா ஐம்பத்திரண்டு வயதில் கிளம்பி, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். தேனியில் ஒரு பழைய கார் கடையில் வெள்ளை வண்டி ஒன்று எங்களுக்குப் பிடித்துப்போனது. கடைக்காரர் ஏ.சி. அறையில் உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, இரண்டு வருஷத்துக்கு எது போனாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று வழவழப்பான ஒரு தாளை நீட்டினார். எனக்கு அதுவே போதும், பேனாவைத் திறந்துவிட்டேன். உன் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, இது விளம்பரம், முழுக் காகிதத்தையும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். பதினாலு பக்கம், எறும்பு எழுத்து. பெயருக்கு முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சேருறதையெல்லாம் கொட்டை எழுத்துல போட்டிருக்கீக, சேராதது எங்கன இருக்குன்னு காட்டுங்க" என்றாள். அவர் காட்டவில்லை, அவளே தேடிப் பிடித்தாள். பிரேக், கிளட்ச், பேட்டரி, டயர், ரப்பர் என்று தேய்கிற எதுவும் சேராதாம். ஒரு சர்வீஸ் தேதி தவறினால் மொத்தமும் செல்லாதாம். வண்டி நின்றால் அவர்கள் சொல்லும் மதுரைப் பட்டறைக்குத்தான் போகவேண்டும், அவர்கள் அனுமதி வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. வாங்கும்போதே இருந்த கோளாறும் சேராது. அது முன்னாலேயே இருந்ததா இல்லையா என்று யார் முடிவு செய்வார்கள் என்று கேட்டாள். கம்பெனி ஆள்தான் என்றார். "அப்ப இருக்குற கோளாறை இன்னைக்கே பாத்துருவோம்" என்று சொல்லி, சின்னமனூர் மெக்கானிக் ஒச்சாண்டிக்கு அங்கேயிருந்தே போன் போட்டுவிட்டாள். அவர் வந்து வண்டியைத் தூக்கிப் பார்த்ததில் கியர்பாக்ஸ் அடியில் எண்ணெய்க் கசிவு இருந்தது. கடைக்காரரே அதைச் சரிசெய்து கொடுத்தார். கான்ட்ராக்ட் வேண்டாம் என்று வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, அந்தப் பதினாலு பக்கத்தோடு வந்துவிட்டோம், எனக்கு மட்டும் மனம் சமாதானமாகவில்லை.

போன மாதம் என் தங்கை மகள், உன் குப்பி பெண் ஷர்மினுக்குப் போடியில் நிக்காஹ். பெண்ணை உன் அம்மாதான் காரில் அழைத்துக்கொண்டு போனாள், பின்னால் ஷர்மினும் குப்பியும், முன்னால் நான். கோம்பை தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பாக பேட்டரி விளக்கு எரிந்தது. குப்பி அழவே தொடங்கிவிட்டாள். உன் அம்மா ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஒச்சாண்டியைக் கூப்பிட்டாள். ஆல்டர்னேட்டர் போயிருக்கும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, ஏ.சி.யை அணைத்துவிட்டு மெதுவாகத் தேவாரம் வரை வாருங்கள், இன்ஜினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார் அவர். பட்டுச்சேலையில் வியர்த்து ஒழுகிக்கொண்டு ஷர்மின் விசிறியால் விசிற, தேவாரம் போய்ச் சேர்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் நிறையச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைச் சாக்கில் கட்டி பைக்கில் கொண்டுவந்து மாற்றிப் போட்டு, போடி வரைக்கும் இது தாங்கும், கல்யாணச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மற்றதைப் பார்க்கிறேன் என்றார். மண்டப வாசலில் உன் அம்மா காரை நிறுத்தியபோது மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போக ஜோடித்த கார் தயாராக நிற்க, ஷர்மின் அதில் ஏறவில்லை. "மாமி ஓட்டுனாத்தான் வருவேன்" என்று நின்றுவிட்டாள். அன்று உன் அம்மா முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை, இதை அவளிடம் சொல்லிவிடாதே.

ஊர் திரும்பியதும் நான் அந்தப் பதினாலு பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஆல்டர்னேட்டர் சேரும் என்றுதான் போட்டிருந்தது. ஜெயித்த மாதிரி உன் அம்மாவிடம் காட்டினேன். ரிப்பேருக்கு ஆனது கான்ட்ராக்ட் விலையில் பாதிகூட இல்லை, அது போக, அனுமதி வருகிற வரை கல்யாணப் பெண்ணை ரோட்டில் நிறுத்தியிருப்பீர்களா என்று கேட்டாள். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும், கியர்பாக்ஸே போயிருந்தால், அதன் செலவுக்குக் கான்ட்ராக்டே மலிவு, நான்தான் ஜெயித்திருப்பேன்.

உன் விஷயம் வேறு. அங்கே உனக்கு ஒச்சாண்டி இல்லை, ரிப்பேர்கூலியும் அதிகம் என்கிறாய், அதனால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உன் வண்டிக்குத் தயாரித்த கம்பெனியின் வாரண்டியே இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறதாமே, அப்படியிருக்க கான்ட்ராக்டின் நாலு வருஷம் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே ஓடுமா என்று கேள். ஓடும் என்றால் முதல் ஒன்றரை வருஷம் ஒரே குடைக்குள் இன்னொரு குடை. பொறுப்பு ஏற்பது கார் கம்பெனியா, வேறு யாரோ ஒருவனா என்று பார். கான்ட்ராக்டைப் பின்னால் ஒருநாள் வாங்க முடியுமா, வேண்டாம் என்றால் திருப்ப முடியுமா என்றும் கேள். எல்லாவற்றுக்கும் முன்னால், கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டு.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இவ்வளவு நீளம் எதற்கு என்கிறாள். "பயந்துக்கிட்டு மட்டும் கையெழுத்துப் போடாதன்னு எழுதுங்க. யோசிச்சுப் போட்டா, அவ எதைப் போட்டாலும் சரிதான்" என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

அல்லாஹ் உங்கள் இருவரையும் எல்லாப் பாதையிலும் பத்திரமாக வைப்பானாக. பனியில் மெதுவாக ஓட்டு, சீட் பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்தாதே. ஷர்மினுக்கு ஒரு வாழ்த்துச் சொல்ல மறக்காதே, கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் அத்தா,
கா. முகைதீன்