ஒரு சோடா, இரண்டு கிளாஸ்

மார்ச் 3, செவ்வாய்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. "மாமா, நாள் பூரா புலம்புறீங்க. சாயங்காலம் ஒரே தடவையா சொல்லிடுங்க, நோட்டுல ஏத்திடறேன். மிச்ச நேரம் வீடு அமைதியா இருக்கும்" என்றாள். சரி, ஏற்று.

முதல் புலம்பல். இந்த நகரத்துக்கு வர எனக்கு இஷ்டமே இல்லை. வலது கண்ணில் புரை, அதற்காக வந்தேன். ஆபரேஷன் முடிந்ததும் இருபத்தெட்டாம் தேதி ரயிலேற்றி விட வேண்டும் என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பெட்டியைத் தூக்கினேன். அவனுக்கோ என்னை இங்கேயே வைத்துக்கொள்ள ஆசை. "அங்க தனியா என்னப்பா பண்ணப் போறீங்க?" என்கிறான். அங்கே தெருவில் இறங்கினால் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். இங்கே இத்தனை ஜனத்தில் என்னைத் தெரிந்தவர் ஒருத்தர்? ஒரே ஒருத்தரைக் காட்டட்டும், இருக்கிறேன்.

மார்ச் 4

லிஃப்டில் ஏழு பேர். ஏழு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவில் அப்படி என்ன இருக்கிறது?

மார்ச் 7, சனி

இதை எழுதாதே என்றேன். "சாட்சி சொன்னதை அடிக்கக் கூடாது மாமா" என்கிறாள். சிரிப்பில் பேனா ஆடுகிறது.

காரை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. மகன் என்னைத் தெருவில் இறக்கிவிட்டு, "அதோ நீல விளக்கு எரியுதே, அந்தக் கதவுப்பா. கண்ணுல சொட்டு மருந்து விட்டு இருட்டு ரூம்ல உக்கார வெப்பாங்க. நான் வந்துடறேன்" என்று போய்விட்டான். நீல விளக்கு இரண்டு எரிந்தது. அதை அவன் சொல்லவில்லை. போர்டைப் படிக்க எனக்கு எழுத்தும் இல்லை, கண்ணும் இல்லை.

உள்ளே இருட்டு, குளிர்ச்சி. நாலைந்து பேர் ஆளுக்கொரு மேஜையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பாவம், எல்லோருக்கும் சொட்டு விட்டாயிற்று போல. நானும் உட்கார்ந்து தலையை அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன வேணும் பெரியவரே?"

"சொட்டு விடணும்பா. வலது பக்கம்."

கேட்டவர் இன்னும் கிட்டே வந்தார். "வலது பக்கம்னா?"

"வலது கண்ணுலப்பா. வேற எங்க விடுவீங்க?"

ஒரு சோடாவைக் கொண்டுவந்து வைத்தார். "இது குடிக்கிற இடம் பெரியவரே. ஆஸ்பத்திரி அடுத்த கதவு. வெயில்ல வந்திருக்கீங்க, இதைக் குடிச்சிட்டுப் போங்க."

குடித்து முடிப்பதற்குள் மகன் வந்துவிட்டான். "ஆஸ்பத்திரி பூரா தேடறேன், நீங்க பாருல உக்காந்திருக்கீங்க!" அவன் கத்தியதில் தலை குனிந்திருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து காதுக்கு ஓய்வு கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

மார்ச் 9, திங்கள்

ஆபரேஷன் வரைக்கும் தினமும் காலையில் ரத்த அழுத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். மருமகள் கோர்ட்டுக்குப் போகும் வழியில் விட்டுவிட்டு, மதிய இடைவேளையில் வந்து கூட்டிப் போகிறாள். நடுவில் இரண்டு மணி நேரம். எங்கே உட்கார்ந்தேன் என்று மகனுக்குத் தெரியாது. அது எனக்கும் அவளுக்கும் ஒப்பந்தம்.

சோடாதான் குடித்தேன். அதையும் எழுது.

மார்ச் 10, செவ்வாய்



ஸ்டேஷன் கேன்டீனில் முப்பத்தெட்டு வருஷம் சர்வராக இருந்தேன். எழுதிக்கொள்ளத் தெரியாததால் எல்லாமே மண்டையில்தான். ரயில் நின்ற பத்து நிமிஷத்தில் முகத்தை எங்கே பார்ப்பது? குரலும் கேட்கிற விதமும்தான் ஆள்.

இன்று ஜன்னலோரம் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மேஜையில் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டினார். "ஒரு சோடா. ரெண்டு கிளாஸ்."

அதே தட்டு. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், வெள்ளிக்கிழமை தோறும், ஐந்து மணி வண்டி போன பிறகு, மூன்றாவது மேஜையில் ஒரு பையனும் பெண்ணும். டக் டக். "ஒரு டீ. ரெண்டு கப்." மங்கலாகத்தான் தெரிந்தது: பாதியை எதிர்க் கிளாஸில் ஊற்றினார். எதிர் நாற்காலி காலி.

அந்தப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் கிளாஸுக்கு வேறென்ன அர்த்தம்? எப்படி வாயைத் திறப்பேன்?

மார்ச் 11

பேசவில்லை. கோழை.

மார்ச் 12, வியாழன்

பேசிவிட்டேன்! மெல்லத்தான் எழுது, ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

அவர் மேஜைக்குப் போய், "ஐயா, அம்மா எப்போ தவறினாங்க?" என்றேன்.

"யாரு, என் பொண்டாட்டியா? காலையில தோசைக் கரண்டியோட துரத்தினாளே! வீட்டைப் பெருக்கி முடிக்கிற வரைக்கும் கால்ல தட்டுப்படக் கூடாதாம். அதுக்குத்தானே இங்க வந்து உக்காந்திருக்கேன்."

"அப்போ அந்த ரெண்டாவது கிளாஸு?"

"பழக்கம்யா. ரெண்டுல ஊத்தலைன்னா தொண்டையில இறங்காது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கேன்டீன், மூன்றாவது மேஜை, வெள்ளிக்கிழமை, ஐந்து மணி வண்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்த சர்வரா நீங்க? யோவ், ஒண்ணு கேக்கணும். ஒரு டீயை ரெண்டு கப்புல ஊத்தினா ரெண்டும் எப்படிய்யா நெறைஞ்சு வரும்? கப்பு சின்னதுன்னு நான் சொல்றேன், இதுல ஏதோ இருக்குன்னு அவ சொல்றா. கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்தச் சண்டை!"

சொன்னேன். முதல் வாரம் ஒரு டீயைத்தான் பிரித்து வைத்தேன். அந்தப் பெண் குறைந்த கப்பைப் பார்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, முதலாளி திரும்பும் நேரம் பார்த்து, கெட்டிலை இரண்டு தடவை சாய்த்தேன். பிடிபட்டிருந்தால் வேலை போயிருக்கும். இரண்டு வருஷம் சாய்த்தேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அப்போ அவ சொன்னதுதான் சரி! இதை எப்படிய்யா வீட்ல போய்ச் சொல்லுவேன்?" அந்த அமைதியான பாரில் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தவர்கள் நாங்கள்தான். சோடா கொண்டுவந்தவர் விரலை உதட்டில் வைத்தார்.

மார்ச் 17

ஆபரேஷன் முடிந்து, இன்று கண் கட்டைப் பிரித்தார்கள். ஊருக்குப் போகும் வரை தினமும் காலையில் வந்து காட்ட வேண்டுமாம். மருமகள் இவ்வளவு சின்னப் பெண்ணா!

மார்ச் 20, வெள்ளி

அந்த அம்மா வந்திருந்தார். கையில் தடி, கண்ணில் குறும்பு. பாருக்குள் நுழைவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவையாம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காதுல பென்சில் செருகியிருப்பீங்களே, அந்த அண்ணன்தானே?"

ஆமாம். எழுதத் தெரியாதது யாருக்கும் தெரியக் கூடாதென்று தினமும் ஒரு பென்சிலைச் சீவிச் செருகிக்கொள்வேன். இதை என் பெண்டாட்டிக்குத் தவிர யாருக்கும் நான் சொன்னதில்லை.

"ஒரு நாள்கூட அதை எடுத்து எழுதலையே அண்ணே. எனக்கு அப்பவே தெரியும்" என்றார், பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில். உடனே புருஷன் பக்கம் திரும்பி, "கப்பு சின்னதா? சொல்லுங்க, கப்பு சின்னதா?" என்று ஆரம்பித்தார். அவர் மோதிரத்தால் தட்டி, "ஒரு சோடா, மூணு கிளாஸ்" என்றார்.

மூன்றும் நிறைந்து வந்தது. சோடா வைத்தவர் எங்கள் பக்கமே பார்க்காமல் போனார்.

மார்ச் 26, வியாழன்

மகன் டிக்கெட்டை மேஜையில் வைத்தான். "சத்தியம் பண்ணினேன், வாங்கிட்டேன்" என்றான். முகம் தொங்கிக் கிடந்தது.

"இடது கண்ணுலயும் புரை இருக்குன்னாரே டாக்டர்" என்றேன்.

"அது முத்த இன்னும் ஒரு வருஷம் ஆகும்பா."

"ஆகட்டும்."

அவன் என்னைப் பார்த்தான், மருமகளைப் பார்த்தான். அவள் ஒன்றும் தெரியாதவள்போல டிக்கெட்டை எடுத்து, இந்த நோட்டில் பக்க அடையாளமாகச் செருகிக்கொண்டாள். நாளை வெள்ளிக்கிழமை. காலையில் கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.