நீ நின்றாய், வர்க்கியோடு நான் ஓடினேன்

இன்று காலை குளியலறைக் குழாயை மாற்ற வந்தவர் வெள்ளைக் குழாயை அறுத்து, முனையில் பசை தடவினார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். மண்ணூரில் உன் வீட்டுக்குப் பின்னால், இதே நெடிக்கு நடுவே நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எதற்காக அந்தப் பாடு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருவருக்கும் ஒரே லைன், ஒரே ஷிப்ட். நீ உள்ளூர்க்காரி. நான் சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் வர்க்கித் துண்டுக்காகக் காத்துக் கிடக்கும் செம்பட்டை நாயை ஒருநாள் நீ வீட்டுக்குக் கூட்டிப் போனாய். அதன் பெயரும் வர்க்கி என்றே ஆனது. கொஞ்ச நாள் கழித்து உன் போனில் ஒரு வீடியோ காட்டினாய். ஏதோ வெளிநாட்டு மைதானம். ஒரு நாய் கம்பைத் தாண்டுகிறது, சுரங்கம் மாதிரி நீளமான கூண்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது, நட்டுவைத்த குச்சிகளுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடுகிறது. கூடவே ஒரு பெண்ணும் ஓடுகிறாள். அஜிலிட்டி என்று பெயராம். நம் வர்க்கியும் இதைச் செய்யும் என்றாய். தெருநாய்க்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். நீ வீடியோவை மறுபடி ஓட்டினாய்.

உன் வீட்டுக்குப் பின்னால் மனை போட்டு விற்காமல் கிடந்த இடம்தான் நம் மைதானம். வெள்ளைக் குழாயை ஒட்டித் தாண்டும் கம்பு செய்தோம். பழைய இரும்புக் கடையில் வாங்கிய நீல டிரம்மின் இரு பக்கமும் அறுத்துப் படுக்க வைத்தோம். “நீதான் ஓடணும். எனக்கு முட்டி வலிக்குது. நான் நின்னு பாத்துக்கினு தப்பு சொல்றேன்” என்றாய். நாய் உன்னுடையது, ஆசை உன்னுடையது, ஓடுவது மட்டும் ஏன் நான்? கேட்டால் சிரிப்பாய்.

முதல் நாள் கம்பை முழங்கால் உயரத்துக்கு வைத்தோம். வர்க்கி அதன் அடியில் நிதானமாக நடந்து போனது. பிறகு கம்பைத் தரையிலேயே போட்டு, தாண்டி நடக்கப் பழக்கினோம். டிரம்முக்குள் தலையை மட்டும் விட்டுப் பின்வாங்கிவிடும். நீ அந்தப் பக்கம் மண்ணில் படுத்து, முகத்தை உள்ளே நீட்டி, அவித்த ஈரலைக் காட்டிக் கூப்பிடுவாய். ஈரலுக்காக வந்ததா, உனக்காக வந்ததா, ஒருநாள் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் குழப்பம் பெரிதானது. நான் “இங்கன வா” என்பேன், நீ வெளியிலிருந்து “இங்க வாடா” என்பாய். நான் தாண்டச் சொன்னால் நீ குதிக்கச் சொல்வாய். வர்க்கி நடுவில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். துணி துவைத்துக்கொண்டிருந்த உன் அம்மா, ரெண்டு பேரும் ஒரே பாஷையில் பேசக் கூடாதா என்று அலுத்துக்கொண்டார். நீதான் கடைசியில் கண்டுபிடித்தாய். நான் கையால் டிரம்மைக் காட்டுவேன், என் கால் கம்பைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வர்க்கி கம்புக்குத்தான் போகும். “வாயால நீ இன்னா சொன்னாலும் அது உன் காலத்தான்டி பாக்குது” என்றாய்.

பூந்தமல்லிப் பக்கம் தெருநாய்களும் கலந்துகொள்ளலாம் என்று ஒரு போட்டி வைத்தார்கள். உன் மாமாவின் குட்டியானை லோடு வண்டியில் வர்க்கியை ஏற்றிப் போனோம். கயிறு கட்டிய வட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தடைகளின் வரிசையே மறந்துபோனது. இடப்பக்கமா, வலப்பக்கமா? வர்க்கி தானாகக் கூண்டுக்குள் புகுந்து, புகுந்த வழியாகவே வெளியே வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கயிற்றை ஒட்டி வந்து, மெதுவாகத்தான் சொன்னாய்: “நில்லு. மூச்சு வுடு. அடுத்தது எதுன்னு பாத்துட்டு அப்பால திரும்பு.” நின்றேன். வர்க்கியும் நின்றது. பிறகு மிச்சத்தை முடித்தோம். நேரம் தாண்டிப் போயிருந்தது, பரிசில்லை. திரும்பும்போது வண்டியில் வர்க்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய். தோற்றதற்கா, முடித்ததற்கா என்று நான் கேட்கவில்லை.

என் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது உன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றார். நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் உன் இதயத்து வால்வு கெட்டுப்போனதாம். ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். வர்க்கி வருவதற்கும் முன்பே. “உன்கிட்டயாவது சொல்லியிருப்பான்னு நெனச்சேன்” என்றார் உன் அம்மா.

ஏன் என்னை ஓடவிட்டாய் என்பது அன்று விளங்கியது. விளங்காதது வேறு. தங்கை கல்யாணத்துக்கு நான் ஊருக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம் பையோடு விடைபெற வந்தேன். நீ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, “இன்னிக்கு நீ நின்னு பாரு” என்றாய். முதலில் வேக நடைதான். டிரம்மைத் தாண்டியதும் ஓடினாய். வாயைத் திறக்கவே இல்லை. உன் தோள் சாய்ந்த பக்கமெல்லாம் வர்க்கி திரும்பியது. என்னோடு ஒருநாளும் அது அப்படி ஓடியதில்லை. முடித்ததும் மனைக்கல்லில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய், உதடு கறுத்திருந்தது. ஏட்டி, முட்டி வலிக்கலையா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டி, தண்ணீர் கேட்டாய்.

தெரிந்தேதான் ஓடினாயா? ஒருமுறை போதும் என்று நினைத்தாயா, ஒருமுறையால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாயா? அந்த ஓட்டம்தான் உன்னைக் கொண்டுபோனதா? யாரைக் கேட்பது?

உன் அம்மாவை எப்போது பார்க்கப் போனாலும் அதையேதான் கேட்கிறார். “கடைசியா நீ பாத்தப்ப அவ எப்பிடிம்மா இருந்தா?”

“சந்தோஷமா இருந்தாம்மா” என்கிறேன். அது பொய்யில்லை. அதற்கு மேல், அந்த ஓட்டத்தைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.