சூடம்மா, சூடு

என் கொறட்டைத் தொரைக்கு,

சித்தூரிலிருந்து உங்கள் ஜெயசீலி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தை யாரிடம் விசாரிப்பது என்று தெரியவில்லை. நீங்கள் இளைப்பாறுகிறீர்கள் என்று போதகர் ஐயா சொல்கிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் பக்கத்தில் இளைப்பாறுகிறவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

கல்லறைக்கே வந்து வாயால் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வரும் எஸ்தரம்மா காதை இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு நிற்கிறாள். நம் வீட்டு விஷயம் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மகள் கேசியாவுக்கு ஒன்பதாம் மாதம். பிரஷர் இருப்பதால், வலி கண்டதும் நேரே திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எந்த நேரத்தில் சாவி போட்டாலும் கிளம்புகிற கார் வேண்டும். உங்கள் வெள்ளை வண்டியைத்தான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோமே. ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடுகிறது என்று ஆசைப்பட்டு வாங்கி வந்தீர்கள். கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம், அந்தப் பனியில், நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் சாய்ந்திருந்தபோதும் பாடியது. பாட்டு மட்டும்தான் பாடியது, இஞ்சின் கிளம்பவில்லை.

சரி, அதை விடுங்கள்.

நம் மருமகன் டைட்டஸ் ஒரு வாரமாகப் போனில் கார் வீடியோவாகப் பார்த்து அரை மெக்கானிக் ஆகிவிட்டார். "அத்த, டீசல் எடுத்தா மைலேஜ் அள்ளும்" என்றார். "மைலேஜ வெச்சிக்கினு டில்லிக்கா போப்போறோம் மாப்ள? சர்ச்சு, மார்க்கெட்டு, என்னைக்கோ ஒருநாள் திருப்பதி. கிட்டக்கிட்ட ஓட்டினா டீசல் வண்டி அடச்சிக்கும்னு மெக்கானிக் முனியப்பன் சொல்றாரு, பெட்ரோலே போதும்" என்றேன். அதற்குப் பிறகு பெட்ரோல் வீடியோ பார்க்க ஆரம்பித்தார்.

போன வியாழக்கிழமை காலையில் முதல் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனோம். சந்திரகிரி ரோட்டில் பழைய கார் விற்கிற தாமோதரத்தின் கொட்டகை. வாசலிலேயே ஒரு சிவப்பு வண்டியை மாப்பிள்ளை மாதிரி ஜோடித்து வைத்திருந்தான். புது சீட் கவர், சென்ட் வாசனை. நம் மாப்பிள்ளை அப்படியே மயங்கிவிட்டார். "காலைல இருந்து யாரும் தொடலம்மா, மீ கோசமே, உங்களுக்காகவே வெச்சிருக்கேன்" என்று தாமோதரம் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சத்தியம் செய்தான். பிறகு, "சூடம்மா, இஞ்சின் சூடு!" என்று கையைக் காட்டினான்.

'சூடு' என்று அவன் தெலுங்கில் பார்க்கச் சொன்னான். நான் தமிழில் கை வைத்துப் பார்த்தேன். நிழலில் நிற்கிற வண்டி, பானெட்டில் தோசை ஊற்றலாம் போலிருந்தது. பக்கத்து வண்டியைத் தொட்டால் அதற்குச் சூடே இல்லை.

"ஆமா நைனா, நீ சொல்றது சரிதான், சூடாத்தான் இருக்குது" என்றேன். "யாரும் தொடாத வண்டிக்கு ஜொரமா வந்துச்சு?"

டைட்டஸ் சிரிப்பை அடக்க முடியாமல் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். நாங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான். சூடான இஞ்சின் யார் கேட்டாலும் கிளம்பும். குளிர்ந்த இஞ்சின்தான் உண்மை சொல்லும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆறட்டும், நாங்க துன்னுட்டு பாக்கறோம்" என்று சொல்லி, அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவனுக்கும் ஒரு கை கொடுத்தேன். சாப்பிட்டான், ஆனால் ருசிக்கவில்லை. நன்றாக ஆறின பிறகு சாவி போட்டால் இருமி இருமிக் கிளம்பியது. பின்னால் நீலமாகப் புகை. "பொக காதம்மா, மஞ்சு" என்றான். புகை இல்லையாம், பனியாம். சித்திரை மாதத்தில், திருப்பதியில்! "அப்ப ஸ்வெட்டர் எடுத்துக்கினு வந்திருக்கணும்" என்றேன்.

கொட்டகைக் கடைசியில் தூசு படிந்து ஒரு சாம்பல் நிற வண்டி கிடந்தது. பானெட்டைத் தொட்டேன், சூடே இல்லை. அதைக் கிளப்பச் சொன்னேன். முதல் சாவியிலேயே கிளம்பியது. புகையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரே சீராக, கொஞ்சம் கனமாக, இடையில் ஒரு மூச்சுகூடத் தவறாமல் ஓடியது. "அத்த, உங்களுக்கு இஞ்சின் சத்தமெல்லாம் தெரியுமா?" என்று டைட்டஸ் கேட்டார். "உங்க மாமனார் பக்கத்துல படுத்து எழுந்தவ மாப்ள நானு" என்றேன்.

சந்திரகிரிக் கோட்டை வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் பின் சீட்டில். போகிற வழியில் கோட்டையைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. திரும்பி வந்து டைட்டஸ் எழுப்பினபோதுதான் தூங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. நீங்கள் போனதிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது, எனக்குத் தூக்கமே வருவதில்லை என்று அவருக்குத் தெரியும். வேறு எதுவும் பார்க்காமல், "இந்த வண்டியே எடுத்துக்கலாம் அத்த" என்றார்.

இப்போது வாசலில் நிற்கிறது. தினமும் விடிந்ததும் நானே சாவி போட்டுப் பார்க்கிறேன். ஒரே திருப்பில் கிளம்புகிறது. பாட்டு இல்லை.

கேசியாவுக்காக அங்கே ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள், குறட்டையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜெயசீலி

கேட்க மறந்துவிட்டேன். அந்த வெள்ளை வண்டியை வாங்கப் போன அன்றைக்கு, நானும் வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றேனே, ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை?